அது டிசைனுங்க

அவர் எனக்குத் தைத்துக் கொடுத்த முதல் சட்டையில் பொத்தான்கள் இடப்பக்கம் இருந்தன. பெண்கள் சட்டைக்குத்தான் அப்படி வைப்பார்கள் என்பது எனக்கே தெரியும். எனக்கே என்று சொல்வதற்குக் காரணம், உடை விஷயத்தில் என் ஞானம் லுங்கியை எந்தப் பக்கம் சொருகினால் அவிழாது என்பதோடு முடிந்துவிடும்.

"பட்டன் பக்கம் மாறி வந்திருக்குதுங்களே" என்றேன்.

சட்டையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, கை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். முகத்தில் ஒரு கணம் ஏதோ திடுக்கிட்டது மாதிரி இருந்தது. பிறகு அது தெளிந்தது.

"அது டிசைனுங்க" என்றார்.

நான் படித்தவன். அதாவது, படித்ததைச் சொல்லாமல் இருக்க முடியாதவன். ஆண்களுக்கு ஏன் வலப்பக்கம், வாள் உருவுகிற கை எது, சீமாட்டிகளுக்கு வேலைக்காரிகள் எதிரில் நின்று பொத்தான் போட்டுவிட்டதால் என்ன ஆயிற்று என்று ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க வாள் வெச்சிருக்கறீங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்னங்க."

அந்தச் சட்டையை மாட்டும்போதெல்லாம் என் இரண்டு கைகளும் பங்காளிகளைப் போல அடித்துக்கொள்ளும். ஆனால் ஈரோட்டில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில், என் நகைச்சுவைக் கட்டுரைகளைப் பற்றி அதுவரை வாயே திறக்காத சென்னை விமர்சகர் ஒருவர் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். "இது எங்க வாங்கினீங்க? மரபை அப்படியே உடைச்சிருக்கே" என்றார். இலக்கிய உலகில் எனக்குக் கிடைத்த ஒரே அங்கீகாரம் அது. சட்டைக்குக் கிடைத்தது என்றாலும் நான்தான் உள்ளே இருந்தேன்.

சட்டை தைத்தவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் எழுதியதில் நாலு பத்தியை இடம் மாற்றி வைக்கச் சொல்வார். சேலம் டவுனில் எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அகமதாபாத் பக்கம் ஏதோ ஒரு கல்லூரியில் துணி வடிவமைப்பு படித்துவிட்டு வந்து, மல்லூர் தாண்டி, ஓடாமல் கிடந்த ஒரு ஜவ்வரிசி ஆலையைப் பிடித்தார். கிழங்கு மாவு படிய வைக்கிற தொட்டிகளில் சாயம் கலக்கினார். மாவு காய வைக்கிற களத்தில் சேலை காய வைத்தார். மழை நாளில் சுவரெல்லாம் புளித்த மாவு வாடை அடிக்கும். வருகிறவர்கள் மூக்கைச் சுருக்கினால், "அது டிசைன்ல ஒரு பார்ட்டுங்க" என்பார். இன்று அந்தக் கொட்டகையில் கோழித்தீவன மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். வாடை இப்போது வெறும் வாடையாகவே இருக்கிறது.

அவரிடம் திறமை இல்லை என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சாம்பல் நிறத்துக்குள் பத்து சாம்பலைக் காட்டுவார். கொல்லிமலை அடிவாரத்தில் சாயங்காலம் கல் எப்படி ஊதாவாக மாறுமோ, அதை ஒரு துப்பட்டாவில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். நானே அதைப் பார்த்து வாயடைத்து நின்றிருக்கிறேன். என்னை வாயடைக்க வைப்பது என்றால் சாதாரணமில்லை என்று என் மனைவி சாட்சி சொல்வாள். விஷயம் என்னவென்றால், அவர் கையில் பிழை என்று ஒன்று பிறக்கவே பிறக்காது. பிறந்தால் அதற்கு உடனே பெயர் சூட்டிவிடுவார்.

அவர் உடுத்துவதும் அப்படித்தான். குர்தாவின் தையல் வெளியே தெரியும், பிசிறு தொங்கும். ராசிபுரம் பஸ்ஸில் ஒருமுறை அவரோடு போனேன். பின் சீட்டு அம்மாள் ஒருவர், கூடையை மடியில் வைத்தபடி முன்னால் குனிந்து ரகசியமாகச் சொன்னார்:

"அம்மிணி, துணியை மாத்திப் போட்டிருக்கறீங்க. உள்பக்கம் வெளிய இருக்குது."

"தெரியுங்க. தையல்தானுங்க துணிக்கு எலும்பு. அதை எதுக்கு மறைக்கோணும்?"

அந்த அம்மாள் ஒரு நிறுத்தம் வரும் வரை யோசித்தார்.

"எலும்பைச் சாமி உள்ளாரதான வெச்சிருக்குது அம்மிணி" என்றார்.

இவர் அதன்பின் ராசிபுரம் வரை பேசவில்லை. தோற்றுவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டது வீண். அடுத்த மாதம் 'எலும்பு' என்ற பெயரில் ஒரு வரிசைச் சட்டைகள் பெங்களூருக்குப் போயின.

இதில் என் பங்கு என்ன என்று கேட்கலாம். சேலத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவது என் தொழில். ஊரில் வளைகாப்பு அழைப்பிதழ் முதல் கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ் வரை ஒற்று மிகும் இடங்களைக் காவல் காப்பவன். அப்படிப்பட்டவனைப் பிழையே செய்யாத ஒருவர் வேலைக்கு அழைத்தார். இப்போதெல்லாம் பெருநகரங்களில் சேலையை மட்டும் யாரும் வாங்குவதில்லை. கூடவே ஒரு கதையும் கேட்கிறார்கள். ஒவ்வொரு துணியிலும் நூல் கட்டித் தொங்கவிடச் சின்ன அட்டையில் நாலு வரி நான் எழுத வேண்டும். அதாவது, காலையில் அச்சகத்தில் பிழையைத் திருத்துவேன். மாலையில் மல்லூரில் பிழைக்குக் காவியம் பாடுவேன்.

ஒரு தடவை தொட்டி கசிந்து ஒரு கட்டுச் சேலை முழுக்கத் திட்டுத் திட்டாகிவிட்டது. எனக்குச் செய்தி வந்தது. 'மேட்டூரில் மதகு திறந்த காலை, மண்ணின் நெஞ்சில் பரவிய முதல் நீர்' என்று எழுதினேன். எல்லாம் விற்றுப் போயின. வாங்கிய ஒரு பெண்மணி அழுதுவிட்டாராம். நானும்தான் அழுதேன், என் சொந்தப் புத்தகத்தின் கட்டுகள் வீட்டுப் பரணில் கரையான் அரித்ததைப் பார்த்து.

இன்னொரு தடவை ஆடு. களத்தில் காய்ந்த ஒரு சேலையின் முந்தானையைப் பக்கத்துத் தோட்டத்து ஆடு மென்றுவிட்டது. இவர் அதைத் தூக்கிப் பிடித்துத் தலையைச் சாய்த்தார். கண் சுருங்கியது. 'மேய்ச்சல்' பிறந்தது. பெங்களூர்க் கடைக்காரர் மயங்கிப்போய், அதே மாதிரி ஒரு டஜன் வேண்டும் என்றார். ஆட்டைத் தேடிப் போனால், அது அதற்குள் ஒரு கிடா விருந்தில் இலையேறிவிட்டிருந்தது. வேறு ஆடுகளை அழைத்து வந்து காட்டினோம். ஒன்றும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆட்டுக்கும் ரசனை இருக்கிறது. கடைசியில் தையல்கார சரசு கத்திரிக்கோலோடு உட்கார்ந்து பல் தடம் வெட்டினாள்.

"பல்லு மேல்பக்கமா கீழ்பக்கமாங்க்கா?"

"ஆட்டுக்கு மேல்தாடையில முன்பல்லு இல்ல சரசு. கீழ மட்டும் வெட்டு."

பொய்யிலும் அவ்வளவு சுத்தம்.

சரசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொடக்கத்திலிருந்து அங்கே இருந்தவள். அங்கே வேலை பார்த்த பெண்கள் எல்லோருக்கும் ஒரு நிம்மதி உண்டு: யாருக்கும் திட்டு விழுந்து பார்த்ததில்லை. கை கோணினால் டிசைன், நூல் மாறினால் டிசைன். மற்ற கம்பெனிகளில் பீஸ் கெட்டுப் போனால் வாரச் சம்பளத்தில் கை வைப்பார்கள். இங்கே அந்தப் பேச்சே இல்லை. ஆனால் சரசு மட்டும் அதைப் பெரிய குணமாக ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"நம்ம தப்பை இல்லேங்கறது நல்ல மனசா இருக்கலாமுங்க. ஆனா அவங்க தப்பையுந்தான இல்லேங்கறாங்க" என்பாள்.

அவளுக்கு ஒரு பழைய வடு இருந்தது. மகள் வயசுக்கு வந்தபோது, சீருக்குப் பாவாடை நானே வெட்டித் தருகிறேன் என்று இவர் ஆசையாக முன்வந்தார். தன் கையாலேயே அச்சுப் போட்ட துணி. மயில் வரிசை. அப்படி ஒரு மயிலை நான் துணியில் பார்த்ததில்லை. கழுத்தில் கை வைத்தால் சூடாக இருக்கும் போலிருந்தது. பந்தலில் பெண்ணை உட்கார வைத்த பிறகுதான் எல்லோரும் கவனித்தார்கள். துணியைத் தலைமாற்றி வெட்டிவிட்டார். அத்தனை மயிலும் காலைத் தூக்கித் தலைகீழாக நின்றன.

"என்ன புள்ள, மயிலெல்லாம் சிரசாசனம் பண்ணுது?" என்றார் சரசுவின் மாமியார். பந்தல் சிரித்தது. வயசுக்கு வந்த பெண் குனிந்த தலை நிமிரவில்லை.

இவர் முன்னால் வந்தார். தலையைச் சாய்த்தார்.

"அது டிசைனுங்க. பார்க்கறவங்களுக்கு எதுக்குங்க மயில்? போட்டிருக்கற பொண்ணு குனிஞ்சு பார்த்தா நேராத் தெரியும்."

பெண் ஏற்கெனவே குனிந்துதான் இருந்தாள். மயில்கள் அவளுக்கு நேராகத்தான் தெரிந்திருக்கும். சொன்னதில் தர்க்கப்பிழை இல்லை. அன்று சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு அப்பளம் வைத்தபடி சரசு சொன்னது இது: "பாவாடை போனாப் போகுதுங்கண்ணா. 'அட, தப்பாயிருச்சே சரசு'ன்னு ஒரு வார்த்தை. அதுக்கென்ன நாக்குல முள்ளா குத்துது?"

இனி மாதாவின் சேலைக்கு வருகிறேன்.

எங்கள் பங்கில் செப்டம்பரில் மாதா திருவிழா. சுரூபம் என்கிற மாதா சிலைக்குப் புதுச்சேலை கட்டித் தேர்பவனி. வழக்கமாக யாராவது இளம்பிள்ளைத் தறிக்காரர்களிடம் எடுத்த ஜிகினாச் சேலையை நேர்ச்சையாகக் கொடுப்பார்கள். அந்த வருடம் புதிதாக வந்த இளம் பங்குத்தந்தை, உள்ளூரில் இவ்வளவு பெரிய கலைஞர் இருக்கும்போது எதற்கு என்று இவரைக் கேட்டார். கேட்ட அன்றிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. கடையில் விற்கிற நீலம் வேண்டாம், அவுரிச் செடியின் நீலம்தான் என்றார். சுண்ணாம்பும் வெல்லமும் போட்டுத் தொட்டியைப் புளிக்க வைத்தார்.

"வெல்லம் எதுக்குங்க்கா, பணியாரத்துக்கா?" என்றாள் சரசு.

ஆனால் அந்த நாட்களில் அவளுக்கு வேடிக்கையில் மனம் இல்லை. அவள் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலைக்குப் போகிறவர். வடக்கே எங்கோ துளை போடும்போது கல் சில்லு தெறித்து வலது கண்ணில் பட்டுவிட்டது. கண்ணில் பஞ்சு ஒட்டி வீட்டில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம், நிச்சயம் சொல்ல முடியாது என்றிருந்தார்கள் ஆஸ்பத்திரியில். ஒற்றைக் கண்ணோடு ரிக்கில் ஏற்ற மாட்டார்கள். சரசு மாரியம்மனுக்கும் வேண்டிக்கொண்டாள், மாதாவுக்கும் வேண்டிக்கொண்டாள். இதில் கட்சி பார்க்கிற நிலையில் அவள் இல்லை.

சேலையை அலசிய அன்று நான் இருந்தேன். அவுரித் துணியைத் தண்ணீர் தெளிவாக வரும் வரை அலச வேண்டும். சரசு இன்னொரு தொட்டிக்குத் தூக்கினாள். இவர் தடுத்தார்.

"போதும். இன்னொரு அலசு போட்டா நீலம் இறங்கி ஸ்கூல் யூனிஃபார்ம் ஆயிரும்."

"தண்ணி இன்னும் நீலமாத்தானுங்க வருது."

"வரட்டும். அதுதான் ஆழம்."

தேரில் ஏற்றியபோது அந்தச் சேலையைப் பார்த்து ஊரே அமைதியானது உண்மை. விடிவதற்கு முந்தைய வானம் மாதிரி ஒரு நீலம். தலையில் முக்காடாக ஏறி, தோளில் இறங்கி, பின்னால் தேர்த்தட்டு வரை வழிந்தது முந்தானை. இவர் தேரின் மேலே இருந்த குடையை மட்டும் கழற்றச் சொன்னார். குடையில் சுற்றிய சீரியல் பல்பின் வெளிச்சத்தில் நீலம் பச்சையாகத் தெரிகிறதாம்.

"மேகமா இருக்குதே மேடம்" என்றார் பங்குத்தந்தை.

"மழை வராதுங்க ஃபாதர்."

இதை மட்டும் டிசைன் என்று சொல்ல அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. டிராக்டர் தேரை இழுத்துக்கொண்டு இரண்டாவது தெரு திரும்பியபோது தூறல் விழுந்தது. ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்த பெண்கள் குடையை விரித்தார்கள். பாடகர் குழுவில் ஓர் அம்மாள் பாட்டை நிறுத்திவிட்டு மேலே கை காட்டினார்.

"மாதா அழுவறாங்க."

முக்காட்டிலிருந்து நெற்றிக்கு, நெற்றியிலிருந்து கண்ணுக்கு, கண்ணிலிருந்து கன்னத்துக்கு ஒரு நீலக் கோடு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கண்ணிலும். பேண்டு வாத்தியம் பாதிச் சரணத்தில் நின்றது, டிராக்டரும் நின்றது. விரித்த குடைகளை மடக்கி எல்லோரும் மழையில் முழந்தாளிட்டார்கள். கைபேசிகள் எழுந்தன.

எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் என் மண்டையில் அட்டை தானாக எழுதிக்கொண்டது: 'தாயின் துயரத்துக்கு நிறம் நீலம்.' தொழில் பழக்கம் அப்படி. நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இப்போது தலை சாயும், கண் சுருங்கும் என்று காத்திருந்தேன். இந்த முறை வாயைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. சும்மா நின்றாலே போதும், மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும். இவருடைய துணிகளுக்கு அதைவிடப் பெரிய கதையை நான் எழுதியிருக்க முடியாது.

தலை சாயவில்லை. நேராக நின்று அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்குத்தந்தை கிட்ட வந்து மெல்லிய குரலில், "மேடம், இது என்னங்க? பிஷப் இல்லத்துக்குச் சொல்லணுமா?" என்றார்.

சேலைக் கரையிலிருந்து சொட்டுகிற நீரை ஏந்தக் கூட்டம் கை நீட்டியது. அதற்குள் நெருக்கிப் புகுந்து சரசு தன் கைக்குட்டையை நனைத்தாள். கூட வந்திருந்த வீட்டுக்காரரை இழுத்து நிறுத்தி, கண்ணில் ஒட்டியிருந்த பஞ்சை உரித்தாள்.

"கண்ணைத் தொறங்க."

"எரியுமா புள்ள?"

"மாதா தண்ணிங்க. தொறங்க."

இவர் பாய்ந்தார். அப்படி ஒரு வேகத்தை நான் அவரிடம் எதிர்பார்க்கவில்லை. சரசுவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வெக்காதே. சரசு, வெக்காதே. சுண்ணாம்புத் தண்ணி அது."

"விடுங்க்கா."

"கண்ணு போயிரும் சரசு. இது கண்ணீர் இல்ல, சாயம். நான் சரியா அலசல. தப்பு. என் தப்பு."

சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிழைக்கிறவன் நான். அந்தச் சொல்லை அவர் வாயில் அதற்கு முன் கேட்டதில்லை. பழக்கமில்லாததாலோ என்னவோ, கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. எல்லோருக்கும் கேட்டது.

யாரும் நம்பவில்லை. அதுதான் வேடிக்கை. இத்தனை காலம் அவர் பிழையை டிசைன் என்றபோது பெங்களூர் வரை நம்பினார்கள். இன்று பிழையைப் பிழை என்கிறார், எங்கள் தெருக்காரர்கள் ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள்.

"தாழ்ச்சிங்க" என்றார் ஒரு பெரியவர், கண் கலங்க. "எவ்வளவு பணிவு பாருங்க. தன் கையால நடந்த அற்புதத்தைத் தப்புங்கறாங்க."

"ஆமாங்க" என்றது கூட்டம். இன்னும் சிலர் கைக்குட்டையை நீட்டினார்கள்.

இவர் சரசுவின் கையை விட்டார். தேர்ச் சக்கரத்தில் கால் வைத்துத் தேர்த்தட்டில் ஏறினார். பின்னால் தொங்கிய முந்தானையை இரு கைகளிலும் சுருட்டிப் பிடித்து, வீட்டில் துண்டு பிழிவதைப் போல முறுக்கினார். நீலம் அருவியாகக் கொட்டியது. கீழே நின்றிருந்த பங்குத்தந்தையின் வெள்ளை அங்கி இடுப்பிலிருந்து பாதம் வரை நீலமானது.

"அழுதா இவ்வளவு வராதுங்க" என்றார் மேலிருந்து.

பிறகு ஒரு குடை விரிந்தது. இன்னொன்று விரிந்தது. பெரியவர் தன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார், ஆனாலும் தூக்கி எறியவில்லை. பங்குத்தந்தை அங்கியை ஒரு விரலால் விலக்கிப் பிடித்துக்கொண்டு டிராக்டர்காரருக்குக் கை காட்டினார். பேண்டுக்காரர்கள் விட்ட இடத்திலிருந்து வாசித்தார்கள். தேர் நகர்ந்தது.

சரசு நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். மழையில் நனைந்த பஞ்சைத் திரும்ப வீட்டுக்காரர் கண்மேல் ஒட்டப் பார்த்தாள், பிளாஸ்திரி ஒட்டவில்லை. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

இவர் இறங்கி வந்தார். கை இரண்டும் முழங்கை வரை நீலம்.

"அலசறப்ப தண்ணி நீலமா வந்துதே சரசு. நீதானே காட்டுனே?"

"காட்டுனனுங்க்கா."

"ஆஸ்பத்திரிக்கு நான் கூட வாரேன்."

சரசு வீட்டுக்காரரின் கண்ணிலிருந்து கையை எடுக்காமல், முகத்தை மட்டும் இவர் பக்கம் திருப்பினாள். குரலில் கோபம் இல்லை. கோபத்துக்கு வேண்டிய தெம்பு அவளிடம் இல்லை.

"தப்புன்னு உங்க வாயில ஒரு வார்த்தை வராதான்னு இத்தனை வருசமாக் காத்துக்கிட்டு இருந்தனுங்க்கா" என்றாள். "அதை இன்னிக்கா சொல்லோணும்?"